காதுக்காரியிடம் மிஞ்சிய பேச்சு

மேட்டுக்காரர்களின் பேச்சு தெரிந்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி ஆறு மாதம் அலைந்தாள். கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மேட்டுக்காரர்கள் சங்கம் என்று பலகை மாட்டிய ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் அறுபதை ஒட்டிய வயது. ஒருவருக்கு அந்தப் பேச்சில் எண்ணத் தெரிந்தது, அதுவும் ஏழு வரைக்கும்தான். ஒருத்திக்கு இரண்டு வசவு தெரிந்தது. அர்த்தம் கேட்டதற்கு வெட்கப்பட்டாளே தவிர, உண்மையில் அதுவும் மறந்துபோயிருந்தது. மற்றவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை.

சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற பேருந்து டிரைவர், வேண்டாவெறுப்பாக வாயைத் திறந்தார்.

"முழுசாத் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா. பெரிய ஆஸ்பத்திரியில டெலிபோன் போர்டுல இருந்தா. நாங்க யாரும் அவ வாசப்படி மிதிக்கறதில்ல. நீங்க வேணா போய்ப் பாருங்க. போனா, காதுக்காரின்னு மட்டும் கூப்பிட்டுடாதீங்க."

அவள் காதுக்காரி ஆன கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஆற்றுக்கு மேலே, மேட்டில் இருந்த ஜனங்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் கீழே விடுதிப் பள்ளியில் படித்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. பிள்ளையை அனுப்பமாட்டேன் என்ற வீட்டு ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஒரு வாரம் உள்ளே வைத்தார்கள். அடுத்த வாரம் லாரி வந்தபோது யாரும் மறுக்கவில்லை. விடுதியில் இறங்கியதும் தலையை ஒட்ட வெட்டினார்கள். கட்டம் போட்ட கவுன் ஒன்றும், அதன் மார்பில் தைத்த துணி எண் ஒன்றும் கொடுத்தார்கள். அவள் முப்பத்தொன்று.

அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பள்ளிப் பேச்சு மட்டும் பேசலாம், வீட்டுப் பேச்சு வாயில் வரக்கூடாது. வந்தால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு மணியடிக்கும்வரை நிற்க வேண்டும். விழுங்கினாலும் துப்பினாலும் முதலிலிருந்து ஆரம்பம். முதல் மூன்று மாதம் முப்பத்தொன்றைப்போல அந்த இடத்தில் நின்றவர்கள் வேறு யாருமில்லை. கன்னம் வலித்து, மூக்கால் தண்ணீர் ஒழுகி, காதுக்குள் இரைச்சல் கேட்கும்.

வார்டன் அம்மாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளைகள் முணுமுணுப்பது காதில் விழும்; என்னவென்று விளங்காது. பேசியது யாரென்று பிடிப்பதற்குள் வாய்கள் மூடிக்கொள்ளும். ஒருநாள் துணி துவைக்கும் இடத்தில் பெண்கள் கூட்டமாகச் சிரித்தார்கள். வார்டன் அம்மா முப்பத்தொன்றை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அந்த அறையில் குளிர்காயக் கணப்பு இருந்தது. மேசையில் வெண்ணெய் தடவிய ரொட்டி இருந்தது.

"உட்காரு. சாப்பிடு. அங்க என்னடி சொல்லிச் சிரிச்சாங்க?"

அவள் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள். வார்டன் அம்மா நடப்பது வாத்து நடக்கிற மாதிரி இருக்கிறது என்று பதினேழாம் எண் சொன்னதுதான் சிரிப்புக்குக் காரணம்.

அன்று சாயங்காலம் பதினேழு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முப்பத்தொன்று நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை.

பயந்து செய்தாள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பசியில் செய்தாள் என்றாலும் பாதிதான். அந்த வேலை அவளுக்குக் கைவந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யார் யார் வீட்டுப் பேச்சு பேசினார்கள் என்று எழுதிவைக்க வார்டன் அம்மா ஒரு பேச்சு நோட்டு போட்டிருந்தாள்; சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அதைத் திறப்பாள். அதுவரை காலையிலிருந்து கேட்டதையெல்லாம் சிந்தாமல் சிதறாமல் தலையில் வைத்திருக்க வேண்டும்: யார், எங்கே, என்ன வார்த்தை. சுமாராகச் சொன்னால் வார்டன் அம்மா ஏற்கமாட்டாள். "அப்படியேவா சொன்னா? நீயாச் சேர்க்கறியா?" என்று மடக்குவாள். அதனால் முப்பத்தொன்று, சொன்னவர்களின் குரல் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பாள். 'பதினேழு, துவைக்கிற இடத்துல, சோப்பு கண்ணுல போயிடுச்சு.' 'நாற்பது, சாப்பாட்டு வரிசையில, எனக்குப் பத்தலைன்னு சொன்னா.' 'எட்டு, படிக்கட்டுல, ஆத்தா ஞாபகமா இருக்குன்னு சொன்னா.' இதெல்லாம் ஒரு குற்றமா என்று அவளுக்கு எப்போதாவது தோன்றியதுண்டு. ரொட்டி வந்ததும் அது மறந்துபோகும்.

இரண்டு வருஷத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதைக் குறைத்தார்கள். பிறகு பேச வேண்டும் என்றே தோன்றாமல் போனது. கனவுகூடப் பள்ளிப் பேச்சில் வந்தது. நோட்டில் பக்கங்கள் காலியாகக் கிடந்தன. வார்டன் அம்மாவின் முகம் சுண்டும். ரொட்டியின் அளவும் குறையும். புதுப் பிள்ளைகளோடு லாரி வரும் மாதம்தான் முப்பத்தொன்றுக்கு அறுவடை. புதிதாக வந்தவர்கள் அழுதுகொண்டே வாய் ஓயாமல் பேசுவார்கள். அவள் பக்கத்தில் போய், கவுனின் பட்டனைப் போட்டுவிடுகிற மாதிரி நின்றுகொண்டிருப்பாள். அவள் தலை தெரிந்தாலே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்து, "மெதுவாப் பேசு, காதுக்காரி வர்றா" என்பார்கள். அதையும் வீட்டுப் பேச்சில்தான் சொல்வார்கள். அதுவும் நோட்டில் ஏறும்.

மூன்றாம் வருஷ லாரியில் அவள் சித்தி மகள் வந்து இறங்கினாள். ஆறு வயது. எண் எண்பத்திரண்டு. கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அக்கா!" என்றாள். காதுக்காரி அவள் கையைப் பிரித்து எடுத்துவிட்டு, பள்ளிப் பேச்சில், "வரிசையில போய் நில்லு" என்றாள். தங்கைக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே நின்றாள்.

ஒரு மாதம் தங்கையின் பேச்சு மட்டும் நோட்டுக்குப் போகவில்லை. வார்டன் அம்மா ஒன்றும் முட்டாள் இல்லை.

"எல்லாப் புதுசும் பேசுது. உன் தங்கச்சி மட்டும் வந்த நாள்லேர்ந்து ஊமையா? இல்ல, உன் காது அடைச்சிடுச்சா? அடைச்சிருந்தா சொல்லு, வேற காது பார்த்துக்கறேன்."

அந்த வாரமே காதுக்காரி ஐந்து வரி கொடுத்தாள். ஒரே வாரத்தில் ஐந்து வரி ஏறினால், வருஷத்துக்கு ஒருமுறை வீட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கும் நாள் ரத்து. தங்கையின் ஐந்தாவது வரி, 'அக்கா, என் கையைப் பிடிச்சுக்கோ' என்பது. அதை ஒப்பிக்கும்போது குரல் ஏற்ற இறக்கம் வைக்காமல் ஒப்பித்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

பார்க்கும் நாளில் எல்லோரும் முன்வாசலுக்குப் போனபோது தங்கை தொட்டிக்குப் பக்கத்தில் வாய் நிறையத் தண்ணீரோடு நின்றாள். யார் காட்டிக் கொடுத்தது என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் காதுக்காரியை அக்கா என்று கூப்பிடவேயில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

படிப்பு முடிந்து காதுக்காரி ஊருக்குப் போனபோது மேட்டில் ஊரே இல்லை. எல்லோரையும் கீழே கொண்டுவந்து வரிசை வீடுகளில் குடி வைத்திருந்தார்கள். அம்மா அவளிடம் வீட்டுப் பேச்சில் பேசினாள். அவள் பள்ளிப் பேச்சில் பதில் சொன்னாள். அப்பா, படித்த மகளுக்கு எதிரே தப்பாகப் போய்விடுமோ என்று பேசுவதையே நிறுத்திக்கொண்டார். அந்த வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் அவளால் இருக்க முடியவில்லை. வார்டன் அம்மா கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்து, பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தாள்.

அது அவளுக்கென்றே செய்த வேலை. தலையில் வளையம், காதில் கருவி, எதிரே வரிசை வரிசையாகத் துளைகள், கையில் ஒயர்கள். எந்த டாக்டர் பேசுகிறார் என்று அவர் மூச்சு விடுவதை வைத்தே சொல்வாள். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் ஒட்டுக் கேட்டாள் என்று பெயர் வாங்கியதில்லை. இணைப்புக் கொடுத்ததும் கையை எடுத்துவிடுவாள். ஆஸ்பத்திரி ஸ்டோர்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளை இல்லை. அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. கீழேயிருந்து எப்போதும் இஸ்திரி ஆவி ஏறிவரும். அங்கேதான் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து கதவைத் தட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. வேற ஆளைப் பாரும்மா" என்றாள் காதுக்காரி, கதவைப் பாதி திறந்துகொண்டு.

"பரவாயில்லம்மா. இந்த ஒரு வரியை மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்று அந்தப் பெண் ஏதோ பழைய காகிதத்தைப் பார்த்து, வீட்டுப் பேச்சில் நான்கு வார்த்தையைத் திக்கித் திக்கிப் படித்தாள். 'என் அப்பா ஆற்றுக்குப் போனார்' என்று சொல்ல வேண்டியது. 'என் அப்பா ஆற்றில் போனார்' என்று வந்தது.

"அய்யே, செத்துப்போனார்னு அர்த்தம் வருது" என்று காதுக்காரியின் வாய் தானாகத் திருத்தியது. திருத்திய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எரிச்சலாகவும் இருந்தது, கதவைச் சாத்தவும் மனம் வரவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள், சமையலறை மேசைமேல் ரிக்கார்டர் வைத்துப் பதிவு நடந்தது. ஐம்பது வருஷமாக அவள் அந்தப் பேச்சைப் பேசியதில்லை. ஆனால் ஒன்றுகூடத் தொலையவில்லை. விடுதியில் அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க அனுமதி இருந்த ஒரே பிள்ளை அவள்தான். மற்றவர்கள் மறந்தால் பிழைத்தார்கள். அவள் மறந்தால் தொட்டிக்குப் போக வேண்டும். அதனால் பத்திரமாக வைத்திருந்தாள்.

பத்து நாள் போனதும் ஆராய்ச்சிக்காரப் பெண் குழம்பிப்போய்க் கேட்டாள்.

"அம்மா, நீங்க சொல்ற எல்லாமே சின்னப் பிள்ளைங்க பேசற மாதிரியே இருக்கே. பசிக்குது, குளுருது, என் சீப்பைக் குடு, யாரும் பார்க்கலை ஓடு... பெரியவங்க பேச்சு ஏதாவது சொல்லுங்களேன். ஒருத்தர் செத்துட்டா அந்த வீட்டுல போய் என்ன சொல்வாங்க? சண்டை போட்ட ரெண்டு பேர் எப்படிச் சமாதானம் பேசிக்குவாங்க? நிலத்தைப் பிரிக்கறப்போ?"

காதுக்காரி வெகுநேரம் யோசித்தாள். தேடத் தேட, நோட்டுப் பக்கங்கள்தான் வந்தன. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவருடைய பேச்சும் அங்கே இல்லை. அம்மா பேசியது உண்டு. ஆனால் அந்த இரண்டு வாரமும் அவள் காதை வேறு பக்கம் வைத்திருந்தாள்.

"அதெல்லாம் எனக்குக் கேட்கலம்மா" என்றாள்.

"சரி. இந்த 'மெதுவாப் பேசு, வர்றா'ங்கறது மட்டும் இதுவரைக்கும் நாற்பது தடவை வந்திருக்கு. யார் வர்றாங்க?"

"நான்தான்."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியையும் எந்த எண் சொன்னது, எந்த இடத்தில் சொன்னது என்று முழுவதையும் சொன்னாள். ஆராய்ச்சிக்காரப் பெண் எழுதிக்கொண்டே வந்தவள், பாதியில் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடி எடுத்து எழுதினாள். அவளுக்கு வேலை முடிய வேண்டுமே.

பதிவை முதலில் சங்கத்தில் போட்டுக் காட்ட வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றாள். காதுக்காரி வரமாட்டேன் என்றாள். "நீங்க வராம நான் போட மாட்டேன்" என்றதும் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. மடக்கு நாற்காலிகளில் இருபது பேர். அவள் உள்ளே வந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் வெளியேறவும் இல்லை. கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரிக்கார்டர் ஓடியது. முதலில் வீட்டுப் பேச்சில் அவள் குரல், பிறகு ஆராய்ச்சிக்காரப் பெண் வாசித்த அர்த்தம். ஐந்தாறு வரி போனதும் டிரைவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. அந்த வரியைத் திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டார்கள். 'என் செருப்பு சின்னதாயிடுச்சு, உன்னுதைக் குடு.'

"இருபத்தாறு. நான்தான். இதுக்குத்தான் நான் தண்ணி வாயோட நின்னேன்" என்றார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. எழுந்து அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அடித்துவிடுவாரோ என்று ஆராய்ச்சிக்காரப் பெண் குறுக்கே வந்தாள். அவர் நின்று, குரலைத் தாழ்த்தி, "வேற என்ன சொன்னேன் நான்?" என்று கேட்டார்.

காதுக்காரி சொன்னாள். அவருக்குப் பதினான்கு வரி இருந்தது. பிறகு பதினேழு வந்து கேட்டாள். நாற்பது வந்து கேட்டாள். திட்டுவதற்கென்று வந்தவர்கள் அவள் நாற்காலியைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். நான் என்ன பேசினேன், நான் என்ன பேசினேன் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். கேட்டுக்கொண்டு போனவர்களில் ஒருவரும் நன்றி சொல்லவில்லை. எட்டாம் எண் மட்டும், "நல்லா வைச்சிருக்கே. திருடின நகையைத் துடைச்சு வைச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லோருக்கும் கடைசியில் எண்பத்திரண்டு வந்தாள். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். பதிவு போடுகிறார்கள் என்று தெரிந்து, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து வந்திருந்தாள். விடுதியை விட்ட பிறகு ஒரே நகரத்தில் இருந்தும் இருவரும் நேருக்கு நேர் நின்றது அதுதான் முதல்முறை.

"என் வரி எனக்கு வேண்டாம். எங்கம்மா அன்னைக்கு வந்தாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

சித்தி வந்திருந்தாள். ரத்து என்ற செய்தி மேட்டுக்கு எப்படிப் போகும்? மழையில் ஒரு நாள் முழுக்க நடந்து வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அவளிடம் பேசித் திருப்பி அனுப்ப வார்டன் அம்மாவுக்கு அந்தப் பேச்சு தெரியாது. காதுக்காரியைத்தான் அனுப்பினாள். காதுக்காரி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, தங்கைக்குக் காய்ச்சல், பார்க்க முடியாது என்று சொன்னாள். அந்தப் பேச்சில் அவள் கடைசியாகப் பேசியது அந்தப் பொய்தான். சித்தி கம்பி வழியாக அவள் கன்னத்தைத் தடவி, மகளிடம் சொல்லச் சொல்லி நான்கு வரி சொன்னாள்.

சொல்லியிருக்கலாம். வீட்டுப் பேச்சில் சொன்னால் நோட்டில் தன் எண்ணே ஏறும். பள்ளிப் பேச்சில் சொன்னால் ஆறு வயதுக்கு விளங்காது. தங்கைக்குப் பள்ளிப் பேச்சு விளங்கத் தொடங்கியபோது சித்தி இறந்த செய்தி வந்து பல மாதமாகியிருந்தது. இனி எதற்கு என்று விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். தங்கை கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அந்த நாலு வரி என்ன?"

காதுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்து, சித்தியின் குரல் எங்கே ஏறியதோ அங்கே ஏற்றி, எங்கே இறங்கியதோ அங்கே இறக்கி, நான்கு வரியையும் வீட்டுப் பேச்சில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன சொன்னா? எனக்குப் புரியல."

காதுக்காரி பள்ளிப் பேச்சில் சொன்னாள். "உனக்குத் தம்பி பொறந்திருக்கான். உன்னை மாதிரியே அவனுக்கும் கால்ல மச்சம். அழுகை வந்தா அண்ணாந்து பாரு, நின்னுடும். மழை விட்டதும் வருவேன்."

தங்கை தலையை ஆட்டினாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள்.

காதுக்காரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்க அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை இருக்கத்தான் செய்யும். அவளிடம் அது இல்லை. பள்ளிப் பேச்சில் இருந்த வார்த்தையை அந்த இடத்தில் எடுக்க நாக்கு வரவில்லை. அவள் வாயைத் திறந்தபடி இருக்கும்போதே தங்கை வெளியே போய்விட்டாள்.

பதிவுகள் ஒரு புத்தகமாக வந்தன. கல்வித் துறையிலிருந்து பெரியவர்கள் வந்து, அழியவிருந்த ஒரு மொழி காப்பாற்றப்பட்டது என்று மேடையில் பேசி, காதுக்காரிக்குச் சால்வை போட்டார்கள். அந்த மொழியை அழித்தது யாருடைய துறை என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. சங்கத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள், அதுவும் பின்வரிசையில். புத்தகத்தில் அழுகைக்கு ஒன்பது சொல் இருந்தது. மன்னிப்புக்கு எதிரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். சால்வையை அவள் கீழே சலவைக் கடைக்காரனிடம் கொடுத்து, "யாருக்காவது குடுத்துடுப்பா" என்றாள்.

சித்தியின் நான்கு வரியை மட்டும் தனியாகப் பதிந்து தரச்சொல்லி, தங்கை ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் ஆளனுப்பி வாங்கிக்கொண்டாள். காதுக்காரியிடம் அவளாக ஒன்றும் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு மத்தியானம், மருந்து வாங்கப் போன காதுக்காரி தங்கையின் கடை இருக்கும் தெரு வழியாக வந்தாள். தையல் கடையில் இரண்டு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று நின்றது. செல்போனில் ஒரு வரி கேட்டது, அது காதுக்காரியின் குரல். அதைத் தொடர்ந்து தங்கை அதே வரியைச் சொல்லிப் பார்த்தாள். முதல் மூன்று வரியும் கிட்டத்தட்ட சரியாக வந்தன. நான்காவதில் கடைசிச் சொல்லை நீட்ட வேண்டும், அவள் குறுக்கினாள். குறுக்கிச் சொன்னால், மழை விட்டதும் வருவேன் என்பது மழை விட்டதும் வந்தேன் என்று ஆகிவிடும். தங்கை அதையே மூன்று முறை, நான்கு முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் குறுக்கியே சொன்னாள்.

காதுக்காரி கடைப் படிக்கட்டில் ஒரு காலை வைத்தாள். உள்ளே மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. மருந்துப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.